குடும்ப வழக்கில் முதல் முப்பது நாள்

சட்ட முறையைச் சீர்படுத்த வேண்டுமானால் எங்கே தொடங்குவது? மக்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுப்பதிலா, நீதிமன்ற நடைமுறையை மாற்றுவதிலா, குடும்பச் சட்டத்தைத் திருத்துவதிலா? கேள்வி இதுதான். பல ஆண்டுகள் குடும்ப வழக்குகளில் வக்கீலாக நின்றுவிட்டு, இப்போது சமரசப் பேச்சு நடத்துபவனாக இருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: இந்த மூன்றும் ஒன்றாகச் சந்திக்கிற இடம் ஒன்று இருக்கிறது. மனு தாக்கலான நாளிலிருந்து முதல் முப்பது நாள். அந்த ஒரு மாதத்தில் நடப்பதை மாற்றினால், பிறகு வரும் சண்டையில் பெரும்பகுதி எழாமலே போகும். அதை அப்படியே விட்டுவிட்டு மேலே என்ன சட்டம் போட்டாலும் பலன் அரைகுறையாகத்தான் இருக்கும்.

ஏன் குடும்ப வழக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், சாதாரண மனிதர்களில் பலருக்கு நீதிமன்றத்தோடு ஏற்படுகிற ஒரே உறவு அதுதான். அவர்கள் கொலை வழக்கில் சாட்சி சொல்லப் போவதில்லை, கம்பெனி வழக்கு நடத்தப் போவதில்லை. ஆனால் திருமணம் முறியலாம், ஜீவனாம்சம் கேட்க வேண்டி வரலாம், குழந்தை யாரிடம் இருப்பது என்று வழக்கு வரலாம், அப்பா விட்டுப்போன வீட்டுக்காக உடன்பிறந்தவர்களோடு படியேற வேண்டியிருக்கலாம். நீதி என்றால் இன்னது என்று அவர்கள் வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருப்பது இந்த ஒரு அனுபவத்தைத்தான். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வதும் இதைத்தான்.

1906-ல் ராஸ்கோ பவுண்ட் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர், நீதி நிர்வாகத்தின் மேல் மக்களுக்கு ஏன் அதிருப்தி என்ற தலைப்பில் வழக்கறிஞர்கள் கூட்டத்தில் பேசினார். வழக்கை இரண்டு அணிகளின் விளையாட்டுப் போட்டி போல நடத்துகிறோம், நீதிபதி வெறும் நடுவராக உட்கார்ந்திருக்கிறார் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டுகளில் முக்கியமானது. கடன் பத்திர வழக்கில் இந்தப் போட்டி முறையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தீர்ப்பு வந்ததும் இரண்டு பேரும் தங்கள் வழியைப் பார்த்துப் போய்விடுவார்கள். குழந்தை உள்ள தம்பதி அப்படிப் போக முடியாது. தீர்ப்புக்கு மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஒருவர் மற்றவருக்குப் போன் செய்தாக வேண்டும். இரண்டு வருடம் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதிவிட்டு அந்தப் போனை எப்படிச் செய்வது?

மனு என்ற தாளிலிருந்தே தொடங்குவோம். ஒரு தடவை சமரச அறையில் ஒரு கணவர் தன் மனைவி போட்ட மனுவின் ஒரே ஒரு பக்கத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பல நாள் மடித்து மடித்துப் பிரித்ததில் மடிப்புக் கோட்டில் தாள் கிழியத் தொடங்கியிருந்தது. அவருடைய அம்மாவைப் பற்றி அதில் ஒரு பத்தி. அதை நான் வாய்விட்டுப் படித்தபோது மனைவி, “இதை நான் சொல்லவே இல்லையே” என்றார். பொய் சொல்கிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்தால் விஷயம் எளிது: மனு அவருக்குச் சரளமாகப் படிக்க வராத மொழியில் இருந்தது. வக்கீல் ஆபீசில் ஏற்கெனவே இருந்த வேறொரு மனுவை எடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறார்கள். வழக்கு பலமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் அந்தப் பத்தியை விட்டுவைத்திருக்கிறார்கள். கீழே கையெழுத்து அவருடையது. அந்த ஒரு பத்தியால் அந்தக் குடும்பம் எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தது.

இது ஒரு வக்கீலின் தவறு என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. குற்றம் சாட்டினால்தான் விவாகரத்து கிடைக்கும் என்று சட்டம் சொல்லும்போது, மனு குற்றப்பத்திரிகையாகத்தான் வரும். இங்கிலாந்தில் நடந்த ஓவன்ஸ் வழக்கை நினைத்துக்கொள்கிறேன். மணவாழ்க்கை முடிந்துவிட்டது என்று மனைவி சொன்னார். அன்றைய சட்டத்தில் கணவர் சம்மதிக்காவிட்டால், உடனே விடுபடக் கணவரின் நடத்தையைக் குறை சொல்லித்தான் ஆக வேண்டும். திருத்திய மனுவில் 27 சம்பவங்களை அடுக்கினார்கள். இவை எந்தக் குடும்பத்திலும் நடக்கிற சாதாரணச் சச்சரவுகள் என்று விசாரணை நீதிபதி மறுத்துவிட்டார். 2018-ல் உச்ச நீதிமன்றமும், சட்டம் இப்படி இருக்கும்போது எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது. ஐந்து வருடப் பிரிவு முடியும்வரை, அதாவது 2020 வரை, அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த வழக்கு கிளப்பிய பேச்சுதான் 2020-ல் புதிய சட்டத்துக்கு உந்துதலாக இருந்தது. 2022 ஏப்ரல் 6 முதல் அங்கே யார் மேலும் குற்றம் சொல்லாமல் விவாகரத்து கேட்கலாம்.

இங்கிலாந்து இதில் பின்தங்கி வந்த நாடு. கலிபோர்னியா 1970-லேயே குற்றம் சாட்டாத விவாகரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சுவீடன் 1973-ல் சட்டத்தை மாற்றி, காரணமே கேட்க வேண்டாம் என்று வைத்தது. ஒருவர் சம்மதிக்காவிட்டாலோ 16 வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தாலோ ஆறு மாதம் யோசிக்க அவகாசம், அவ்வளவுதான். ஆஸ்திரேலியா 1975 சட்டத்தில் பன்னிரண்டு மாதம் பிரிந்திருந்தால் போதும் என்றது. இந்தியாவில் சட்ட ஆணையம் 1978-லேயே, சரிசெய்ய முடியாத அளவுக்கு முறிந்த திருமணத்தை ஒரு காரணமாகச் சேர்க்கச் சொன்னது. சட்டப் புத்தகத்தில் அது இன்னும் ஏறவில்லை. 2023-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவு தரும் தனி அதிகாரத்தால் தாங்கள் அப்படி விவாகரத்து கொடுக்க முடியும் என்று சொன்னது. டெல்லிவரை போக முடிந்தவர்களுக்குத்தான் அந்தக் கதவு.

குற்றம் சாட்டும் முறை போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினால் ஏமாந்து போவோம். சண்டை அப்படியே இடம் மாறும். விவாகரத்து எளிதான நாடுகளில் சண்டை குழந்தை பக்கமும் பணத்தின் பக்கமும் போயிருக்கிறது. அதனால்தான் முதல் முப்பது நாளுக்கு வருகிறேன்.

ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரையில் கோகெம் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1992-ல் அங்கே குடும்ப நீதிபதியாக இருந்த யூர்கன் ருடால்ஃபும், அந்த ஊர் வக்கீல்களும், இளையோர் நல அலுவலகத்தாரும், ஆலோசனை மையத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். குழந்தையின் பெயரில் பெற்றோர் சண்டை போடுவதை நாம் எல்லோரும் சேர்ந்துதானே வளர்க்கிறோம் என்பதுதான் அவர்களுக்கு உறைத்தது. சில விஷயங்களை ஒப்புக்கொண்டார்கள். வக்கீல்கள் மனுவைச் சுருக்கமாக, வசை இல்லாமல் எழுதுவார்கள். சில வாரங்களுக்குள் முதல் விசாரணை நடக்கும். இளையோர் நல அலுவலர் நீண்ட அறிக்கை எழுதி அனுப்பாமல், குடும்பத்தைப் பார்த்துவிட்டு நேரில் வந்து சொல்வார். அன்றைக்கு உடன்பாடு வராவிட்டால் பெற்றோரை அங்கிருந்தே ஆலோசகரிடம் அனுப்புவார்கள். இதற்கு எந்தப் புதுச் சட்டமும் தேவைப்படவில்லை. நாடு முழுவதற்குமான சட்டம் 2008-ல்தான் வந்தது: குழந்தை யாரோடு இருப்பது, யார் எப்போது பார்ப்பது போன்ற வழக்குகளில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் விசாரணை நடந்தாக வேண்டும், தட்ட முடியாத காரணம் இருந்தால் தவிர வாய்தா கிடையாது.

இந்த ஒரு மாதம் ஏன் இவ்வளவு முக்கியம்? குழந்தை வழக்கில் நாள் கடத்துவதே ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தை அப்பாவைப் பார்க்காமல் ஒன்றரை வருடம் போய்விட்டது என்று வையுங்கள். நீதிபதி எவ்வளவு நியாயமானவராக இருந்தாலும் அப்போது அவர் முன்னால் இருப்பது அப்பாவை அடையாளம் தெரியாத ஒரு குழந்தை. “இப்போது இடம் மாற்றினால் குழந்தை பாதிக்கப்படும்” என்பது அந்த நேரத்தில் உண்மையாகவே உண்மை. முதல் மாதத்தில் குழந்தை யார் வீட்டில் இருந்ததோ, அதுவே முடிவாக இறுகிவிடுகிறது. இது கட்சிக்காரர்களுக்கும் தெரியும், வக்கீல்களுக்கும் தெரியும். அதனால்தான் ஒரு தரப்பு வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கும்.

பணத்திலும் இதே கதைதான். ஜீவனாம்ச மனு போட்டவர் இடைக்கால உத்தரவுக்கே ஒரு வருடம் காத்திருந்தால், நடுவில் நகை அடகுக்குப் போகும், குழந்தையின் பள்ளி மாறும். கடைசியில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடும் நிலைக்கு வந்துவிடுவார். அதைச் சமரசம் என்று பதிவு செய்கிறோம்.

இந்த விஷயத்தில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2020 ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தமான ஒன்று. இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் ஒரே மாதிரியான பிரமாணப் பத்திரத்தில் கொடுக்க வேண்டும் என்றது. ஜீவனாம்சத்தை உத்தரவு தேதியிலிருந்து அல்ல, மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்றும் சொன்னது. இரண்டாவது விஷயம் சின்னதாகத் தெரியும். ஆனால் இழுத்தடிப்பதில் கிடைக்கிற லாபத்தை அது நேராக வெட்டுகிறது. எந்த நாட்டிலும் சட்டம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு விதியின் கீழும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்க்க வேண்டும்: தாமதத்தால் யாருக்கு லாபம், அந்த லாபத்தை எப்படி இல்லாமல் செய்வது?

உத்தரவு வாங்குவது பாதிக் கிணறுதான். மீதிப் பாதி வசூல். மாதா மாதம் வராத தொகைக்கு மாதா மாதம் நிறைவேற்று மனு போட்டுக்கொண்டிருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அதற்காக ஒவ்வொரு தடவையும் வேலைக்கு லீவு. ஜெர்மனியில் 1980 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பிரிந்துபோன பெற்றோர் குழந்தைக்கான தொகையைக் கட்டாவிட்டால் அரசு முன்பணமாகக் கொடுத்துவிட்டு, கட்ட வேண்டியவரிடம் தானே வசூலிக்கப் பார்க்கும். 2017 முதல் 18 வயது வரைக்கும் அது கிடைக்கிறது. எல்லாத் தொகையும் அரசுக்குத் திரும்பி வருவதில்லை. ஆனாலும் அது சரியான ஏற்பாடு என்பேன். பணம் கட்டாதவரை விரட்டும் வேலையை, அந்தப் பணம் இல்லாமல் வாடகை கொடுக்க முடியாதவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

சரி, சமரசத்துக்கு வருவோம். நான் அந்த வேலையைச் செய்கிறவன் என்பதால் அதன் நன்மையையும் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீசிங் உள்ள ஏழு வயதுப் பையன். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அப்பாவிடம் இருக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு. மூன்று வரி உத்தரவு. அதை மீறியதாக மாறி மாறி மூன்று மனுக்கள். என்னிடம் வந்தபோது முதல் நாற்பது நிமிடமும் ஒரு இன்ஹேலரைப் பற்றித்தான் பேசினார்கள். அம்மா பையில் வைத்து அனுப்புவார். திரும்பி வரும்போது சில நாள் மூடி இருக்காது, ஒரு நாள் இன்ஹேலரே வரவில்லை. அம்மாவுக்கு அது பொறுப்பில்லாத்தனம். அப்பாவுக்கோ, ஒவ்வொரு தடவையும் பையை வாசலிலேயே திறந்து சோதிப்பது அவமானம். கடைசியில் முடிவானது இதுதான்: அப்பா வீட்டில் தனியாக ஒரு இன்ஹேலரும் அதில் மாட்டும் ஸ்பேசர் குழாயும் இருக்கும், அதை அவரே வாங்கி வைப்பார். எத்தனை தடவை கொடுத்தார் என்பதை ஒரு சின்ன நோட்டில் எழுதிப் பையில் வைப்பார். அம்மா பையை வீட்டுக்குப் போய்த்தான் திறப்பார். மூன்று மனுக்களும் வாபஸ் ஆயின. எந்த நீதிபதியும் இப்படி ஒரு உத்தரவு எழுத முடியாது, எழுதவும் தேவையில்லை. ஆனால் இதைப் பேசுவதற்கான மேசையை வழக்கின் முதல் மாதத்திலேயே போட்டிருந்தால், அந்த மூன்று மனுக்களும் அவற்றுக்கு நடுவே போன பதினான்கு மாதமும் தேவைப்பட்டிருக்காது.

நார்வேயில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள பெற்றோர் பிரிவதற்கு முன்னால் குறைந்தது ஒரு மணி நேரம் சமரசகரைப் பார்த்தாக வேண்டும். ஜப்பானில் 1949-ல் குடும்ப நீதிமன்றங்கள் வந்ததிலிருந்து, வழக்காடுவதற்கு முன் சமரசம் என்பதுதான் வரிசை. இந்தியாவின் 1984 குடும்ப நீதிமன்றச் சட்டமும், முதலில் இணக்கத்துக்கு முயல வேண்டும் என்று நீதிபதிக்கே கடமை வைக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அடி வாங்குகிறவரையும் அடிக்கிறவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் “பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வது சமரசமாகாது. பயந்தவர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவார், அவ்வளவுதான். ஐரோப்பிய நாடுகளின் 2011 இஸ்தான்புல் உடன்படிக்கை தன் 48-வது பிரிவில், வன்முறை உள்ள வழக்குகளில் சமரசத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்றே சொல்கிறது. வன்முறை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் முதல் மாதத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும். அதுவும் தனியாக வைத்து, பயிற்சி உள்ளவர் கேட்க வேண்டும். “உங்களை அடிப்பாரா?” என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். “சண்டை வந்தால் வீட்டில் என்ன நடக்கும்? கடைசியாக எப்போது பயந்தீர்கள்? உங்கள் போனும் பணமும் யார் கையில்?” என்று கேட்டால் வேறு பதில் வரும்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2022-ல் டார்செட், வட வேல்ஸ் பகுதிகளில் ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கினார்கள். மனு வந்ததும் தரப்புகளை நீதிபதி முன்னால் நிறுத்துவதில்லை. முதலில் குழந்தை நல அலுவலர் விசாரித்து, ஆபத்து இருக்கிறதா, குழந்தை என்ன சொல்கிறது என்று ஓர் அறிக்கை தருகிறார். பிறகுதான் விசாரணை. கோகெம் முறை வேகத்தைக் கொண்டுவந்தது என்றால், இது வேகத்துக்கு முன்னால் பாதுகாப்பை வைக்கிறது. இரண்டையும் சேர்க்க முடியும் என்று நம்புகிறேன். ஒரு மாதம் என்பது விசாரித்துப் பார்க்கவும் போதுமான காலம்தான், அதற்கு ஆட்கள் இருந்தால்.

நல்ல எண்ணத்தில் போடும் சட்டம் எப்படித் தடம் மாறும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். 2006-ல் பெற்றோர் இருவருக்கும் சமமான கூட்டுப் பொறுப்பு என்ற அனுமானத்தை, அதாவது வேறு காரணம் காட்டாதவரை அப்படித்தான் என்று எடுத்துக்கொள்வதை, சட்டத்தில் வைத்தார்கள். அதைப் பலர் சம நேரம் என்று புரிந்துகொண்டார்கள். வன்முறைக்குப் பயந்து பிரிந்தவர்களும், எப்படியும் பாதி நேரம் போய்விடும் என்று நினைத்துப் பாதுகாப்பில்லாத ஏற்பாடுகளுக்குச் சம்மதித்தார்கள். 2023-ல் திருத்தி, 2024 மே முதல் அந்த அனுமானத்தை எடுத்துவிட்டார்கள். சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அது வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் காத்திருப்பவர் காதில் எப்படி விழுகிறது என்பதுதான் வாழ்க்கையை மாற்றுகிறது. கல்வி என்ற கேள்வி இங்கேதான் உள்ளே வருகிறது.

அதற்கு முன்னால் வக்கீல்களைப் பற்றி ஒரு வார்த்தை. சண்டையை வளர்ப்பது வக்கீல்கள்தான், அவர்களை வெளியே வைத்துவிட்டால் சரியாகும் என்ற கருத்து எல்லா நாட்டிலும் உண்டு. நியூசிலாந்து 2014-ல் அதைச் செய்து பார்த்தது. சாதாரணக் குழந்தை வழக்குகளின் ஆரம்பக் கட்டத்தில் வக்கீல் கூடாது என்றார்கள். அவசர மனுவுக்கு மட்டும் வக்கீல் உண்டு. என்ன நடந்தது? எதிர்த் தரப்புக்குத் தெரிவிக்காமலே போடும் அவசர மனுக்கள் குவிந்தன. உண்மையில் அவசரமானவை அந்தக் குவியலுக்குள் சிக்கிக்கொண்டன. 2020-ல் வக்கீல்களைத் திரும்ப உள்ளே விட்டார்கள். இங்கிலாந்து 2013-ல் செலவைக் குறைக்கப் பெரும்பாலான குடும்ப வழக்குகளுக்கு அரசு தரும் வழக்குச் செலவை நிறுத்தியது. வக்கீல் இல்லாமல் தாங்களே வாதாடுகிறவர்கள் பெருகினார்கள். ஆக, வக்கீலை வெளியேற்றுவது வழியில்லை. வக்கீலின் வேலையை மாற்றுவதுதான் வழி. அமெரிக்காவின் மினியாபொலிஸில் 1990-ல் ஸ்டூவர்ட் வெப் என்ற குடும்ப வழக்கறிஞர், இனி உடன்பாட்டுக்காக மட்டும் வேலை செய்வேன், வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் விலகிக்கொள்வேன் என்று அறிவித்தார். இரு தரப்பு வக்கீல்களும் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு உட்காரும் முறை அங்கிருந்துதான் பரவியது. வழக்கு நீண்டால் வக்கீலுக்கு வருமானம் கூடும் என்ற கணக்கை அது தலைகீழாக்குகிறது.

இப்போது கல்வி. சட்டக் கல்வி என்றதும் பள்ளிப் பாடத்தில் அரசியல் சாசனத்தின் பிரிவுகளைச் சேர்ப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிரிவு எண்ணை மனப்பாடம் செய்தவர், தனக்குச் சம்மன் வந்த அன்று என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடும் என்று நம்பி, தான் வராமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்த பிறகு ஓடி வருகிறவர்கள் இன்றும் உண்டு. மக்களுக்குத் தெரிய வேண்டியது நடைமுறை: சம்மன் வந்தால் வாங்கு, தேதியைக் குறித்து வை. தாளை யாராவது படித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதே. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, குழந்தையின் மருத்துவச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வை. இலவசச் சட்ட உதவி யாருக்குக் கிடைக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள். இந்தியாவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் அது உண்டு. தெரியாததாலேயே கேட்காமல் போகிறவர்கள்தான் அதிகம்.

சொல்லிக் கொடுக்கும் முறைக்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1972-ல் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் உள்ளூர் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய், வாடகை, போலீஸ், குடும்பம் என்று அன்றாடச் சட்டத்தை நடித்துக் காட்டியும் விவாதித்தும் கற்பிக்கத் தொடங்கினார்கள். ‘தெருச் சட்டம்’ என்று பெயர். பிறகு அது பல நாடுகளுக்குப் போனது. எனக்கு அதில் பிடித்தது, கற்பித்த மாணவர்களும் மாறியதுதான். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி ஒரு விதியைச் சொல்லப் பழகிய மாணவர், நாளை வக்கீலானால் கட்சிக்காரருக்குப் புரியாத மனுவில் கையெழுத்து வாங்க மாட்டார்.

சட்டக் கல்லூரிகளில் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளைப் படிக்க வைக்கிறோம், மாதிரி நீதிமன்றத்தில் வாதாடப் பயிற்சி தருகிறோம். எதிரே உட்கார்ந்து அழுகிறவரிடம் எப்படிக் கேள்வி கேட்பது, எப்போது பேசாமல் இருப்பது, அவர் கேட்பதற்கும் அவருக்குத் தேவைப்படுவதற்கும் உள்ள வித்தியாசத்தை எப்படிப் புரிந்துகொள்வது, இதற்கெல்லாம் ஒரு மணி நேரம்கூட இருப்பதில்லை. என் முதல் இரண்டு வருட வழக்குகளில் நான் செய்த சேதத்தை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. அன்றைக்குச் சூடாக மனு எழுதத் தெரிந்ததையே திறமை என்று நினைத்தேன்.

நீதிபதிகளுக்கும் இது பொருந்தும். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு, தன்னைப் பாதிக்கும் வழக்கில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1989-லேயே சொல்லிவிட்டது. எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் வெளியே நிற்க, “யாரோடு போகிறாய்?” என்று கேட்பது கொடுமை. எதைச் சொன்னாலும் ஒருவருக்குத் துரோகம் செய்ததாக அந்தக் குழந்தை பல வருடம் சுமக்கும். “பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்ன செய்வாய்? வீட்டுப்பாடம் புரியாவிட்டால் யாரிடம் கேட்பாய்? ராத்திரி பயமாக இருந்தால்?” என்று கேட்டால் போதும். முடிவு எடுப்பது நான், நீ இல்லை என்றும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் 2021 திருத்தத்துக்குப் பிறகு, எந்த வயதானாலும் நீதிபதி குழந்தையை நேரில் பார்ப்பதுதான் பொது விதி. குடும்ப நீதிபதிக்கு என்ன தகுதி வேண்டும் என்பதையும் அதே திருத்தத்தில் எழுதினார்கள். பல நாடுகளில் நேற்றுவரை செக் மோசடி வழக்கு பார்த்தவர் இடமாற்றத்தில் குடும்ப நீதிமன்றத்துக்கு வருகிறார். பழகுவதற்குள் அடுத்த இடமாற்றம். ஒரு குடும்பத்தின் விவாகரத்து ஓரிடத்திலும் ஜீவனாம்சம் இன்னோரிடத்திலும் வன்முறைப் புகார் வேறோரிடத்திலும் நடக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரே நீதிபதி என்பது செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றம்.

சொற்களும் கல்விதான். கனடா தன் விவாகரத்துச் சட்டத்தில் 2021 மார்ச் முதல் ‘கஸ்டடி’ என்ற சொல்லையே எடுத்துவிட்டது. முடிவெடுக்கும் பொறுப்பு, பெற்றோரின் நேரம் என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். ‘கஸ்டடி’ என்ற ஒரே சொல்லை நாமும் போலீஸ் பிடித்து வைத்தவருக்கும் குழந்தைக்கும் சேர்த்துத்தான் பயன்படுத்துகிறோம். “கஸ்டடி எனக்குத்தான் வேண்டும்” என்று வந்து நிற்கிறவரிடம், “சரி, பல் டாக்டரிடம் யார் கூட்டிப்போவது, பள்ளிக்கூட மீட்டிங்குக்கு யார் போவது, செவ்வாய்க்கிழமை யார் வீட்டில் தூங்குவது?” என்று பிரித்துக் கேட்டதும் குரல் இறங்குவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஜெயிக்க வேண்டிய ஒரு பொருளாக இருந்தது, செய்ய வேண்டிய பத்து வேலையாக மாறிவிடுகிறது.

பணமும் புதுச் சட்டமும் வரும்வரை என்ன செய்வது என்று கேட்டால், ஒரு நீதிபதியும் அந்த நீதிமன்றத்து வக்கீல்களும் நாளைக்கே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். சம்மனோடு ஒரு பக்கத் தாள் அனுப்பலாம், கட்சிக்காரர் வீட்டில் பேசும் மொழியில்: அன்று என்ன நடக்கும், என்ன கொண்டுவர வேண்டும், இலவச வக்கீல் எங்கே கிடைப்பார், வீட்டில் பயம் இருந்தால் யாரிடம் தனியாகச் சொல்லலாம். குழந்தை உள்ள வழக்குக்கு முப்பது நாளுக்குள் தேதி. வருமானப் பத்திரம் முதல் நாளே, இரண்டு தரப்புக்கும். மனுவில் எதிர்த் தரப்பின் அம்மா அப்பாவைப் பற்றிய பத்திகளுக்கு, வழக்குக்கு அவசியம் என்றால் மட்டும் இடம். மாதம் ஒரு மாலை வக்கீல்களும் ஆலோசகர்களும் குழந்தை நல அலுவலர்களும் ஒன்றாக உட்கார்ந்து, எந்த வழக்கு எங்கே சிக்கியது என்று பேசலாம்.

கோகெமில் இப்படி உட்கார்ந்து பேசியவர்களுக்கும் கையில் வேறு எதுவும் இல்லை. 1992-க்கும் அந்த ஒரு மாத விதி நாடு முழுவதற்கும் சட்டமானதற்கும் நடுவே 16 ஆண்டுகள். அந்த ஊரில் அந்தப் 16 ஆண்டும் பெற்றோர் சில வாரங்களுக்குள் நீதிபதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.